அந்தமான்: சீனி டப்பா தேடி வரும் பச்சைப் பல்லி!

'அந்தமானில் தவறவிடக் கூடாத 7 இடங்கள்.' இந்தத் தலைப்பை டெஸ்க்கில் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். நான் போய் ஏழு இடங்களையும் பார்த்து, இடத்துக்கு மூன்று போட்டோ, ஒரு ரீல்ஸ் எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஜன்னல் சீட். கீழே முதல் தீவு தெரிந்ததுமே போனை எடுத்துவிட்டேன்.

முதல் நாள் செல்லுலார் ஜெயிலும் ராஸ் தீவும் முடிந்தன. இரண்டாம் நாள் காலை வங்கக்கடலில் ஏதோ ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. படகுகளை நிறுத்திவிட்டார்கள். ஹேவ்லாக் போக முடியாது, நீல் தீவுக்கும் போக முடியாது. ஏழு இடங்களில் நான்கு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

நான் தங்கியிருந்தது ஹோட்டல் இல்லை. போர்ட் பிளேரின் கடைத்தெருவைத் தாண்டித் தெற்கே போனால் சிப்பிகாட் என்று ஓர் இடம். அங்கே சாலையிலிருந்து கொஞ்சம் மேடேறினால், தகரக்கூரை போட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு. முன்பக்க அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறார்கள். (ஊரின் பெயரை 2024 செப்டம்பரில் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரர் முதல் கோயில் குருக்கள் வரை நான் பேசிய அத்தனை பேரும் 'போர்ட் பிளேர்' என்றுதான் சொன்னார்கள். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. நம் கடிகாரமே அங்கேயும் ஓடுகிறது. சூரியன் மட்டும் அவசரக்காரன், சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடுகிறான். காபி கேட்கலாம் என்று அடுக்களைப் பக்கம் போனேன்.

ஜன்னல் கம்பியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பொம்மை ஒட்டியிருந்தது. வீட்டில் குழந்தை யாரும் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அந்தப் பொம்மை நாக்கை நீட்டித் தன் கண்ணையே ஒருமுறை நக்கிக்கொண்டது.

கத்திவிட்டேன்.

"ஏன் பாப்பா கத்துற? பல்லிதான். அது பாட்டுக்கு வரும், சீனியத் தின்னுட்டுப் போயிரும்" என்றார் அந்த வீட்டம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

பல்லியா, இதுவா? எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வெளிறிப்போன ஆசாமிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது கிளிப்பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, போட்டோவில் போட்டால் 'ஃபில்டர் போட்டிருக்கீங்களா?' என்று கேட்கிற பச்சை. முதுகில் செங்கல் நிறத்தில் புள்ளிகள், கோடுகள். வால் பக்கம் போகப் போகப் பச்சைக்குள் நீலம் கலந்திருந்தது. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு பால்பாயின்ட் பேனா நீளம் இருக்கும். கம்பியிலிருந்து இறங்கி, மேடையில் சிந்தியிருந்த சீனியை ஒவ்வொரு மணியாக நக்கித் தின்றது. எங்கள் இருவரையும் அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இதன் பெயர் அந்தமான் பகல் பல்லி. அறிவியல் பெயர் ஃபெல்சுமா அந்தமானென்சிஸ். உலகில் அந்தமான் தீவுகளைத் தவிர வேறெங்கும் இது இல்லை. சென்னையில் இல்லை, கொல்கத்தாவில் இல்லை, பக்கத்து மியான்மரிலும் இல்லை. இங்கேயோ தென்னையில், பாக்கு மரத்தில், வாழையில், வேலிக்கம்பத்தில், அடுக்களை ஜன்னலில் என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. விமானத்தைவிட்டு இறங்கியதிலிருந்து மூன்று நாட்களாக இதைப் பார்க்காமல் நான் எப்படி நடந்தேன் என்பதுதான் ஆச்சரியம். மழையும் ஒரு காரணம். இது வெயில் காயும் ஜீவன், மப்பாக இருந்தால் இடுக்கைவிட்டு வெளியே வராது.

பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட்

பல்லி என்றாலே ராத்திரிப் பிராணி என்றுதான் நமக்குத் தெரியும். பெரும்பாலான பல்லிகள் அப்படித்தான். அவற்றின் கண்ணின் பாவை பகலில் பூனைக்கு இருப்பதுபோலச் செங்குத்துக் கீறலாகச் சுருங்கிவிடும். அந்தமான்காரருக்கோ வட்டமான பாவை, பகல் வெளிச்சத்துக்கென்றே அமைந்த கண். இமை மட்டும் கிடையாது. அதனால்தான் தூசி விழுந்தால் நாக்கால் துடைத்துக்கொள்கிறது.

அந்த வீட்டில் நான் ரசித்துப் பார்த்த ஒரு விஷயம் ஷிப்ட் மாற்றம். சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். வெளிச்சம் மங்க மங்கப் பச்சைப் பல்லிகள் ஒவ்வொன்றாகப் பாக்கு மட்டை இடுக்குக்குள் போய்விடுகின்றன. வராந்தாவில் லைட்டைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில், நமக்குப் பழக்கமான சாம்பல் நிறப் பல்லி சுவரில் ஆஜர். 'இச்... இச்... இச்' என்று சத்தம் வேறு. ஒரே சுவரில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். இருவரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்வது அபூர்வம்.

வீட்டம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். எண்பதுகளில் கல்யாணமாகிக் கப்பலில் வந்திருக்கிறார். "மூணு நாளு. ஏறுனதுல இருந்து வாந்தி. கரையப் பாத்ததும் அழுதுட்டேன்" என்றார். கப்பலேறும் முன் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டு வந்தாராம். போகிற இடத்தில் பல்லி தோஷம் எதுவும் ஒட்டக்கூடாது என்று அவர் மாமியார் செய்த ஏற்பாடு.

"இங்க வந்து பாத்தா பட்டப்பகல்ல பச்சையா தலையில வந்து விழுது! பஞ்சாங்கத்த எடுத்துப் பாத்தோம். பச்சப் பல்லி விழுந்தா என்ன பலன்னு எவனும் எழுதல. சொல்லவும் மாட்டேங்குது, ஊமை" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம் வீட்டுப் பல்லி பேசும். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று கௌளி சாஸ்திரமே இருக்கிறது. பகல் பல்லிகளோ அநேகமாகச் சத்தம் போடுவதில்லை. ராத்திரியில் ஒன்றையொன்று பார்க்க முடியாதவர்களுக்குக் குரல் தேவைப்படுகிறது. வெளிச்சத்தில் வாழ்பவர்களுக்கு நிறமே போதும். தலையாட்டுவது, வாலை நெளிப்பது, பக்கவாட்டில் திரும்பிப் பச்சையைக் காட்டுவது எல்லாம்தான் இவற்றின் பேச்சு. ஒரே வாழை மரத்தில் இரண்டு ஆண்கள் இருந்தால் அந்தப் பேச்சு சண்டையாகிவிடுகிறது. தோற்றவர் வாலை விட்டுவிட்டு ஓடியதை ஒருமுறை பார்த்தேன். ரீல்ஸ் எடுக்க மறந்துவிட்டேன்.

ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு சொந்தம்

அன்று மதியம் நெட்வொர்க் கிடைத்தபோது தேடிப் படித்ததில்தான் ஏழு இடங்கள் கட்டுரை மனதைவிட்டுப் போனது.

ஃபெல்சுமா பேரினத்தில் ஏறத்தாழ ஐம்பது வகைப் பல்லிகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபான் ஃபெல்சும் என்ற டச்சு மருத்துவரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஐம்பதும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலானவை மடகாஸ்கரில். மற்றவை கொமரோஸ், செஷல்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன் என்று அந்தத் தீவைச் சுற்றியும், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்திலும். எல்லாமே இந்தியப் பெருங்கடலின் மேற்கு ஓரம். ஒன்றே ஒன்று மட்டும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நடுவில் வேறெந்த ஊரிலும் சொந்தபந்தம் இல்லாமல், வங்கக்கடலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் இந்தச் சீனித் திருடன்.

எப்படி வந்தது? மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வீட்டுப் பல்லி அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் மரபணு ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அந்தமான் பல்லி தன் மடகாஸ்கர் உறவினர்களைவிட்டுப் பிரிந்து பல லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது கப்பலும் இல்லை, அதைக் கட்டும் மனிதனும் இல்லை. இந்தியத் துணைக்கண்டம் ஒருகாலத்தில் மடகாஸ்கருடன் ஒட்டியிருந்தது, அதன் மேலேறி வந்திருக்கலாமே என்றால், இந்திய நிலப்பரப்பில் எங்கேயாவது ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். இல்லை.

மிச்சமிருப்பது கடல்தான். புயலில் ஆற்றோடு அடித்துவரப்பட்ட மரம், அதன் பட்டை இடுக்கில் ஒரு ஜோடி முட்டை. இந்தப் பல்லிகளின் முட்டை ஆமை முட்டைபோல மெத்தென்று இருக்காது. கோழி முட்டையைப்போல ஓடு கெட்டியானது, சீக்கிரம் காய்ந்துபோகாது. இரண்டிரண்டாக இடுக்கில் இடும். மரம் மிதக்கிறது, நீரோட்டம் இழுக்கிறது, வாரங்கள் போகின்றன. ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி, முட்டை பொரிந்து, குஞ்சு ஏறி உட்கார ஒரு தாழை கிடைக்கிறது. நம்ப முடியவில்லைதான். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒரே ஒரு தடவை நடந்தால் போதும்.

இதை அடுக்களையில் வைத்துச் சொன்னேன். வீட்டம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப அதுவும் கப்பல்ல வந்ததுதான்னு சொல்லு" என்றார்.

இந்தப் பல்லிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் எட்வர்ட் பிளைத். கொல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். 1858-ல் ஆங்கிலேயர்கள் அந்தமானில் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து மாதிரிகள் அவர் மேஜைக்குப் போய்விட்டன. சிப்பாய்க் கலகக் கைதிகள் காட்டை வெட்டிக்கொண்டிருந்த அதே காலம். வெட்டிய மரத்தில் இந்தப் பல்லியும் இருந்திருக்கும்.

ராஸ் தீவில் நான் கொஞ்சிய மான்

முதல் நாள் ராஸ் தீவில் எடுத்த போட்டோக்கள்தான் என்னிடமிருந்தவற்றில் சிறந்தவை. (அதற்கும் 2018-ல் நேதாஜி பெயர் வைத்துவிட்டார்கள்.) வேர்கள் விழுங்கிய தேவாலயம், பின்னணியில் கடல், முன்னால் கையில் தின்ன வரும் புள்ளிமான். பாப்கார்ன்கூட வாங்கிப் போட்டார்கள் சிலர். நானும் ஒரு மானின் நெற்றியைத் தடவி செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

அந்த மான் அந்தமானுக்குச் சொந்தமில்லை. வேட்டைக்கும் அழகுக்குமாக ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டது. புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் இல்லாத தீவுகளில் அது பெருகியது. நீந்தி அடுத்த தீவுக்கும் போனது. காட்டின் அடித்தட்டுச் செடிகளையும் கன்றுகளையும் தின்றுகொண்டே இருக்கிறது. மான் அதிகமுள்ள இடங்களையும் இல்லாத இடங்களையும் ஒப்பிட்டு, இந்திய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அடித்தட்டுப் பசுமை போன இடத்தில், தரையிலும் தாழ்வான செடிகளிலும் வாழும் பல்லி, ஓணான் வகைகள் குறைந்திருந்தன. மான் அவற்றைத் தின்பதில்லை. அவை ஒளிகிற, தூங்குகிற, பூச்சி பிடிக்கிற செடிகளைத் தின்றுவிடுகிறது.

நான்காம் நாள் சிடியா தப்புக்குப் போனபோது அந்த ஓணானைப் பார்த்தேன். சூரிய அஸ்தமனம் பார்க்க எல்லோரும் போகும் இடம் அது. காட்டுப் பாதையில் மரத்தண்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, கிட்டே போனால் அணிலைப்போலத் தண்டின் மறுபக்கம் சுற்றிப்போய்விடும் ஓர் ஓணான். அந்தமான் நிக்கோபாரைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அதுவும். காட்டுக்குள் நடந்தால் அடிக்கடி கண்ணில் படும். இரவில் விரல் தடிமனுள்ள இளங்கன்றுகளின் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும். மான் தின்பதும் அந்தக் கன்றுகளைத்தான்.

மான் மட்டுமல்ல. நம் ஊர் வயல் தவளை ஒன்று அங்கே போய், வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. பல்லியும் அதில் அடக்கம். நம் ஊர் ஓணான், மைனா, எலி, பூனை எல்லாமே வந்து சேர்ந்தாயிற்று. மாமரம், வாழை, முருங்கை, புளி என்று நாம் கொண்டுவந்தவற்றில் வாழையும் பாக்கும் பச்சைப் பல்லிக்குப் பிடித்துப்போய்விட்டன. அது உயரத்தில் இருப்பதால் மானின் வாய்க்கும் தப்பிக்கிறது. காட்டைவிட்டுத் தோட்டத்துக்கு வந்து, தோட்டத்திலிருந்து அடுக்களைக்கு வந்துவிட்டது. அந்தமான் ஆசாமிகளில் மனிதனோடு ஒத்துப்போகத் தெரிந்தவர் இவர்தான். அதனால்தான் இன்றைக்கும் சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது.

ஆனால் 'சாதாரணமாகக் கிடைக்கிறது' என்ற வார்த்தையை நம்புவதற்கில்லை. மொரீஷியஸுக்குக் கிழக்கே ராட்ரிக்ஸ் என்று ஒரு தீவு. அங்கே இதே ஃபெல்சுமா குடும்பத்தில் இரண்டு வகைப் பல்லிகள் இருந்தன. ஒன்று குடும்பத்திலேயே மிகப் பெரியது. அதைக் கடைசியாகப் பார்த்தது 1842-ல். இன்னொன்றைக் கடைசியாகப் பார்த்தது 1917-ல். காடு போனது, எலியும் பூனையும் வந்தன, இரண்டும் இல்லாமல் போய்விட்டன.

மொரீஷியஸில் மிஞ்சியிருக்கும் உறவினர்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே சில பூக்களில் தேன் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கும். பூவில் தேன் நிறமில்லாமல் இருப்பதுதான் வழக்கம். நிறத்தைப் பார்த்து வருவது பகல் பல்லி. தேனை நக்கும்போது மகரந்தம் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. ரூசியா என்ற கொடியைப்போன்ற ஒரு செடிக்கு மகரந்தத்தைச் சேர்ப்பதும் விதையைப் பரப்புவதும் ஒரே ஒரு பல்லி இனம்தான். பல்லி இல்லையென்றால் செடிக்கு வேறு ஆள் இல்லை.

சிப்பிகாட் வீட்டுப் பின்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த வாழைப்பூவில் நம் ஆளும் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்தபோது மூக்கு நுனியில் வெள்ளைத் தூள்.

வாட்டர் பாட்டிலும் கயிறும்

நான்காம் நாள் மாலை, அந்த வீட்டின் இன்னோர் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். பையனுக்குப் பல்லியைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. மறுநாள் காலை அந்த அப்பா காலி வாட்டர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஊருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில வெச்சிக்கலாம், சீனி போட்டா போதும்ல?" என்று என்னைக் கேட்டார்.

அழகாக இருப்பது இந்தப் பேரினத்துக்கு ஒரு சாபம். வெளிநாடுகளில் பகல் பல்லி வளர்ப்பு ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதனாலேயே காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஃபெல்சுமா பேரினம் முழுவதும் இருக்கிறது. இதையெல்லாம் நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். சட்டம், ஒப்பந்தம், ஏர்போர்ட் செக்கிங். அவர் முகத்தில் ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லை.

வீட்டம்மா வந்தார். பாட்டிலைப் பார்த்தார். "தம்பி, அதக் கைல பிடிச்சா வால விட்டுரும். வாலு இல்லாத பல்லிய வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆகாது" என்றார். அந்த அம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது.

"உண்மையாவே ஆகாதாம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்று பகலில்தான் பின்கட்டில் கட்டியிருந்த நைலான் கயிற்றைக் கவனித்தேன். நான்கு மூலையிலும் மூங்கில் முளை அடித்து, நீலக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. நீளமான சதுரம். அதற்குள் பதினோரு பாக்கு மரங்கள், இரண்டு வாழைப் புதர்கள், ஒரு தென்னை. எண்ணிப் பார்த்தேன்.

வீட்டு மகன் வந்து விளக்கினார். முப்பது வயது, ஆட்டோ ஓட்டுகிறார், சீசனில் டூரிஸ்ட்டுகளை அழைத்துப்போகிறார். "ரெண்டு ரூம் எடுக்கப்போறோம் அக்கா. அட்டாச்டு பாத்ரூம், டைல்ஸ். இப்ப வர்றவங்க ஏசி இருக்கான்னுதான் மொத கேள்வியே கேக்குறாங்க." நான் போன் செய்தபோது கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

மேட்டிலிருந்து கீழே கையைக் காட்டினார். தூரத்தில் பரந்த நீர்ப்பரப்பு. அதில் பட்டுப்போன தென்னைகளின் தண்டுகள் அங்கங்கே நின்றன. கரையோரமாக அலையாத்திச் செடிகள் வளர்ந்திருந்தன. வெள்ளைக் கொக்குகள். நான் அதை ஏரி என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அழகாக இருக்கிறது என்று போட்டோவும் எடுத்திருந்தேன்.

"அது எங்க வயலு" என்றார்.

2004 டிசம்பர் 26. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அலை வந்து திரும்பிப் போனது. கடல் மட்டும் சிப்பிகாட்டின் வயல்களைவிட்டு முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உப்புநீர் உள்ளே வந்தது. நெல் போட்ட இடத்தில் இப்போது பறவை பார்க்க வருகிறவர்கள் கேமராவுடன் நிற்கிறார்கள். இவர் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா அதற்குப் பிறகு கூலிக்குப் போனார், இப்போது இல்லை. மிஞ்சியது மேட்டிலிருக்கும் இந்த வீடும் பின்கட்டும்தான்.

பாக்கில் என்ன வருகிறது என்று கேட்டேன். சொன்னார். ஒரு சீசன் முழுக்க அறை வாடகையில் வருவதோடு ஒப்பிட்டால் அது பேசுகிற தொகையே இல்லை.

'அப்போ இந்தப் பல்லியெல்லாம்?' என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். வயலைக் கடலுக்குக் கொடுத்த வீட்டில், அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, அந்தக் கேள்வி கொஞ்சம் ஆடம்பரமாகப் பட்டது. அவரே சொன்னார்: "அம்மாவுக்குத்தான் மனசு வரல. அந்த ஓரத்து வாழையை விட்டுரு, பல்லிக்கு வேணும்ங்குது. அந்த ஓரத்துலதான் செப்டிக் டேங்க் வருது."

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "டாங்க இந்தப் பக்கம் போட முடியாதா?" என்று ஒரு குரல் வந்தது.

"சரிவு இல்லம்மா. எத்தன தடவ சொல்றது?"

"மேஸ்திரியக் கேளு."

"கேட்டாச்சு."

"இன்னொரு மேஸ்திரியக் கேளு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சண்டை பல நாட்களாக ஓடுகிறது என்று புரிந்தது.

ஒரு பின்கட்டு போனால் இந்த இனம் அழிந்துவிடாது. பக்கத்து வீட்டில் பாக்கு இருக்கிறது, அதற்கடுத்த வீட்டில் தென்னை இருக்கிறது. ஆனால் மேடேறி வரும்போது நானே பார்த்தேன். பக்கத்து வீட்டிலும் கல் இறங்கியிருந்தது. சாலையின் இருபுறமும் 'ரூம் கிடைக்கும்' போர்டுகள். புதுக் கட்டடங்களைச் சுற்றிச் சிமென்ட் தளம், தொட்டியில் வளரும் குரோட்டன்ஸ். வழவழப்பான டைல்ஸிலும் இந்தப் பல்லி ஏறிவிடும். அதன் விரல்களின் அடியில் பசை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்களால் கண்ணாடியில்கூட ஒட்டிக்கொள்ளும். ஏறிப்போய் அங்கே என்ன தின்பது, எந்த மட்டை இடுக்கில் முட்டையிடுவது என்பதுதான் பிரச்னை.

ஐந்தாம் நாள் கடல் அமைதியானது. ஹேவ்லாக்குக்குப் படகு விட்டார்கள். ஒரே நாளில் ஓடிப்போய் ராதாநகர் கடற்கரையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அங்கே சாப்பிட்ட கடையில், மேஜையிலிருந்த ஜாம் பாட்டிலின் விளிம்பில் ஒரு பச்சைப் பல்லி உட்கார்ந்திருந்தது. சர்வர் பையன், "ஹரி சிப்கலி, மேடம். குச் நஹி கரேகா" என்று சமாதானம் சொன்னான். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

கிளம்பும் நாள் காலை, அடுக்களை மேடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் சீனித்தண்ணீர் வைத்திருந்தார் வீட்டம்மா. "தெனமும் வைக்கிறதில்ல. வச்சா பூச்சி பிடிக்கிறத மறந்துரும். இன்னிக்கு நீ போட்டோ எடுக்கணும்ல" என்றார். மூன்று வந்தன. நடுவிலிருந்த பெரியது மற்ற இரண்டையும் துரத்திவிட்டுத் தனியாகக் குடித்தது. இந்தக் கட்டுரையின் மேலே இருக்கும் படம் அதுதான்.

மகன் ஆட்டோவில் ஏர்போர்ட்டுக்கு அழைத்து வந்தார். வழியில் வெற்றிமலை முருகன் கோயில் பக்கமாக நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். "ஜனவரிக்குள்ள ரூம் ரெடியாயிரும் அக்கா. உங்க பத்திரிகைல நம்ம இடத்தப் பத்திப் போட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். பெயர் போடாமல் எழுதுகிறேனே என்றேன். "அப்ப என்ன பிரயோஜனம்?" என்று நியாயமாகக் கேட்டார்.

வாழை என்ன ஆச்சு என்று விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மேஸ்திரி வந்து பார்க்கப்போகிறாராம்.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, புது அறைக்கு வாடகை எவ்வளவு வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். ஏசி இல்லாமல் என்றால் குறையுமா என்று கேட்டேன்.